மூன்று நிமிட மௌனம்



பத்தாண்டு நிறைவெய்தும் இலக்கிய வட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ தந்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருளுங்கள், முடிவில் கவிதைக்கே வந்து சேர்வேன்.

தந்தி என்றாலே நம் வீடுகளில் அழுகை எழுந்த காலம் உண்டு. பிரித்துப் படிக்குமுன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். 2013 ஜூலையில் அச்சேவை நம் நாட்டில் நின்றுபோயிற்று. ஆயினும் அதன் மொழி யாப்பறிந்தவர்க்கு அந்நியமன்று. மோர்ஸ் குறியீட்டில் இருப்பவை புள்ளியும் கோடுமே, நம் குறிலும் நெடிலும் போல. நெடிலுக்கு நாம் இரண்டு மாத்திரை தந்தோம்; கோட்டுக்கு அவர்கள் புள்ளியைப்போல் மும்மடங்கு நேரம் தந்தார்கள். மௌனத்திற்கும் அங்கே அளவுண்டு: எழுத்துகளுக்கிடையே மூன்று புள்ளி நேரம், சொற்களுக்கிடையே ஏழு.

அம்மொழியில் உலகறிந்த சொல் 'எஸ்.ஓ.எஸ்.' மூன்று குறில், மூன்று நெடில், மீண்டும் மூன்று குறில், இடையே நிறுத்தமில்லை. 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள் இதனைக் கடலின் அபயக்குரலாக ஏற்றன. 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பது பிற்காலத்தார் ஏற்றிய பொருள். எந்த இரைச்சலிலும் இனங்காணத்தக்க ஓசை என்பதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆனால் குரல் மட்டும் போதுமா? 1912 ஏப்ரல் 14 நள்ளிரவு நெருங்குகையில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அபயக்குரலை ஏறத்தாழ 58 மைல் தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா கப்பல் கேட்டது. அதன் தந்தியாளர் உறங்கப் போகும் வேளையிலும் காதுக்கருவியைக் கழற்றாதிருந்தார். எழுநூறு பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர். அதனினும் அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளரோ கருவியை நிறுத்திவிட்டு உறங்கியிருந்தார். குரல் ஒன்றே, விழித்திருந்த செவி ஒன்று, உறங்கிய செவி ஒன்று.

பின்னாளில் கடலோடிகள் ஓர் அரிய விதியை மேற்கொண்டனர். மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடம், அபய அலைவரிசையில் எக்கப்பலும் பேசலாகாது; கேட்கவேண்டும். தந்தியறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்நிமிடங்களைச் சிவப்பால் தீட்டியிருந்தார்கள். மெலிந்த குரலொன்று கேட்குமோ என்று வலிய குரல்களெல்லாம் அடங்கியிருந்த நேரம் அது. 1999 பிப்ரவரியில் புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வர, மோர்ஸ் அபயக்குரலும் கடலிலிருந்து விடைபெற்றது.

இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. நம் தென்னையும் வாழையும் ரப்பரும் சாய்ந்ததைப் பற்றி அன்று நாம் நிறையப் பேசினோம். அதே நேரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் செய்தி அவர்களை எட்டவில்லை. அவர்களிடமிருந்த வயர்லெஸ் அக்கம்பக்கத்துப் படகுகளுக்கு எட்டுமேயன்றிக் கரைக்கு எட்டாது. திரும்பாதவர் பலர். டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்த பிறகே அக்கரையின் குரல் வெளியே கேட்டது.

2024 ஜனவரியில் இஸ்ரோ மேம்பட்ட அபய அறிவிப்புக் கருவி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. படகிலிருந்து செய்தி போனதும், அது கிடைத்தது என்ற மறுமொழி படகுக்கே வந்து சேரும். நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்த மறுமொழியே பாதி உயிர்.

நண்பர்களே, நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபு நம்முடையது. ஆனால் வயலையும் குளத்தையும் பாடிய நாஞ்சில் நாட்டுக் கவிஞர்களாகிய நாம், கூப்பிடு தூரத்துக் கடலைக் கரையில் நின்று பார்த்தே பாடியிருக்கிறோம். என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். பத்தாண்டுகள் நன்றாகப் பேசினோம். பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒருவரை அழைப்போம். அவர் பேசட்டும். அவர் முடிக்கும்வரை நாம் யாரும் கவிதை வாசிக்க வேண்டாம்.