அம்மான் தந்த பணம்



முதல் வீடு வாங்குவோரிற் பலர் தம் கைப்பணத்தால் மட்டும் அதனை வாங்குவதில்லை. ஆதனக் கடனும் சேமிப்பும் சேர்ந்தும் குறைகின்ற தொகையை இட்டு நிரப்புபவர் பெரும்பாலும் ஓர் உறவினரே. அந்தப் பணத்தைப் பற்றியே இன்று பேசப்போகின்றேன். அதிற் பட்டறிவு எனக்குண்டு.

2004ஆம் ஆண்டிலே கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியும் அதிலிருந்த பழைய கல்வீடும் விலைக்கு வந்தன. விலை பதினைந்து இலட்சம் ரூபா. ஐந்து இலட்சம் எனக்குக் குறைந்தது. அம்மான் அதனைக் கொணர்ந்து தந்தார். "அதைப் பிறகு பார்ப்பம் தம்பி, முதலிலை உறுதியை முடி" என்றார். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிந்தது. விற்றவர் பெயரும் என் பெயரும் சாட்சிகள் இருவரின் கையொப்பமும் அதிலுள. அம்மானின் பெயர் ஓரிடத்தும் இல்லை.

"பிறகு பார்ப்பம்" என்றதை நான் நன்கொடை என்று கொண்டேன். தமக்கைக்குத் தம்பி செய்த கடமை என்பது என் தாயாரின் எண்ணம். அம்மான் ஒருநாளும் கேட்டாரல்லர், நானும் கேட்டறிந்தேனல்லேன். கேளாதிருப்பது எனக்கு வசதியாயிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கின்றேன்.

2021இல் அம்மான் காலமானார். மறு ஆண்டு, கடைசி மகளின் கலியாணத்தின் பொருட்டு மாமி அப்பணத்தைக் கேட்டார். 2022 எத்தகைய ஆண்டென்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. அம்மான் தந்தபோது என் வீட்டின் மூன்றிலொரு பங்காயிருந்த ஐந்து இலட்சம், இப்போது எதற்குக் காணும்?

சட்டம் என் பக்கமே இருந்தது. எழுத்தில்லாமற் கொடுத்த கடனுக்கு மூன்று ஆண்டுகளுள் வழக்கிடல் வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டம். புரோநோட்டு எழுதியிருப்பின் ஆறு ஆண்டுகள். ஆயின் மாமி நீதிமன்றத்துக்கு வரவில்லை. என் வீட்டு விறாந்தைக்கே வந்தார்.

ஆதலால், வீடு வாங்கவிருக்கும் இளைஞர்களே, பணத்தைக் கையில் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். நன்கொடையாயின் ஒரு கடிதம் போதும். பங்காயின் உறுதியிலே அவர் பெயரும் ஏறட்டும். கடனாயின் தொகை, வட்டி, தவணை, கொடுத்தவர் இறந்தால் யாரிடம் செலுத்துவது என்பனவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் மனம் நோகும் என்று அஞ்சுவீர்கள். அந்த நோவு அரைநாழிகையில் ஆறும். ஊரில் எத்தனை சகோதரர்கள் இப்படியொரு தொகையின் பேரில் முகம் பாராதிருக்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மனைவியும் நானும் ஆலோசித்தோம். நிலையான வைப்பை உடைத்துப் பன்னிரண்டு இலட்சம் கொடுத்தோம். அது கூடுதலா குறைவா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை. மாமி அதை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் முற்றத்து மாமரத்தைப் பார்த்திருந்தார். பின்பு, "அம்மான் இதைக் கடனெண்டு தந்தவரோ, சும்மா தந்தவரோ, எனக்கும் தெரியாது தம்பி" என்றார்.