நம்ம கூலியையும் சேர்த்து விலை வைப்போம்



எங்கள் குழுவில் இட்லிப் பொடி செய்து விற்கிறோம். பொருள், விலை, இடம், விளம்பரம் இந்த நாலும்தான் விற்பனைக்கு அடிப்படைன்னு பயிற்சியில் சொன்னாங்க.

வேலைக்குப் போற பெண்கள் 100 கிராம் பாக்கெட்தான் கேட்பாங்க. விசேஷ வீட்டுக்குக் கிலோக் கணக்கில் வேணும். அதுக்குத் தக்கபடி பொட்டலம் போடுறோம்.

ஒரு கிலோவுக்குப் பருப்பு, மிளகாய், எள் எல்லாம் 220 ரூபாய். கேஸும் மில் கூலியும் 30. கவர், லேபிள் 20. ஆக 270. இதை 300க்கு வித்தா 30 ரூபாய் லாபம்னு தோணும். வறுத்து, ஆறவச்சு, பொட்டலம் கட்டின நம்ம கைக்குக் கூலி எங்கே? அதுக்கு 80 சேர்த்தா 350. லாபம் 50 வச்சு 400க்கு விற்கிறோம்.

இடம்னா வாரச்சந்தை, மதி அங்காடி. லேபிளில் எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், போன் நம்பர் இருக்கணும். சந்தையில் முதல்ல ருசி பார்க்கக் கொடுங்க. அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

வீட்டு வேலைக்கு நமக்கு யாரும் கூலி போட்டதில்லை. தொழிலிலாவது நாமே போட்டுக்குவோம்.