வண்டியின் முன்பக்கச் சத்தமும் நம் கார் கழுவும் குழாயும்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் இரண்டாவது மாடி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேசப் போவதில்லை, பயப்பட வேண்டாம். என் பழைய வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். கீழே தூண் எண் 7 பக்கத்தில் நிற்கிறதே, அந்தப் பெரிய வண்டி. காலையில் அது கிளம்பும்போது வரும் 'லொட லொட' சத்தத்தில் முதல் மாடிக் குழந்தைகள் எழுந்துவிடுவதாகப் புகார்ப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு முதலில் மன்னிப்பு. சத்தம் இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்பதுதான் விஷயம்.

வண்டிக்கு 11 வயது. நான் துபாயில் இருந்த எட்டு வருடமும் அது திருச்சியில் மச்சான் வீட்டில் இருந்தது. அவர் நன்றாகவே ஓட்டினார். டயர், பேட்டரி, பிரேக் பேட் தவிர ஒன்றும் மாற்றியதில்லை. நான் ஊர் திரும்பி, வண்டியை இங்கே கொண்டுவந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் மூன்று தடவை, பால் ஜாயின்ட் இரண்டு தடவை மாற்றியாயிற்று. லிங்க் ராட் எத்தனை என்று கணக்கே இல்லை. பில்லை எல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 14,600, பிறகு 17,200, பிறகு 21,000. ஆக 52,800 ரூபாய், முன்பக்கத்துக்கு மட்டும்.

ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்தான். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." பழைய வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்ட புஷ் புதுசுதானே? அது பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் ஏன் கிழிகிறது? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கோபப்பட்டு, சத்தம் போட்டு, கடைசியில் பில்லைக் கட்டிவிட்டு வருவதுதான் என் வழக்கமாக இருந்தது.

போன மாதம் மகனை மதுரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். மனைவியும் மாமியாரும் பின்சீட்டில். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, 90, 100-ல் வந்தேன். ராமநாதபுரம் தாண்டி, நம் ஊர் எல்லைக்குள் நுழைந்து, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் மட்டையாகச் சாய்ந்து, மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. கீழ் பால் ஜாயின்ட் கழன்றுவிட்டது. அப்போது வண்டியின் வேகம் 15 கிலோமீட்டர் இருந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த ஜாயின்ட் பரமக்குடிச் சாலையில் 100-ல் சுழன்றுகொண்டிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். "பாய், இந்த ஆர்ம் போல்ட்டை முடுக்கும்போது வண்டி எங்கே நின்னுச்சு? லிஃப்ட் மேலயா, தரையிலயா?" எனக்கென்ன தெரியும்? லிஃப்ட் மேலேதான் இருந்தது என்றேன். "அதான்," என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொடுக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி லிஃப்டில் தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கி நிற்கும், ஆர்மும் சாய்ந்து நிற்கும். அப்படியே முடுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கிறது. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் அது முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளத்தில் விழும்போது இன்னும் கூடுதலாக முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்? எனவே போல்ட்டை லேசாகப் பிடிக்க வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் முழு எடை வந்தபின் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். கம்பெனி மேனுவலில் இருக்கும் விஷயம்தான். தரையில் நிற்கும் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு முடுக்குவது சிரமம், நேரமும் ஆகும். அதனால் பல இடங்களில் செய்வதில்லை.

மூன்று தடவை புஷ் போனதற்குக் காரணம் இது. இந்தப் பழியை நான் முழுதாக சர்வீஸ் சென்டர் மேலேயே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அண்ணன் அடுத்து கழன்ற பால் ஜாயின்ட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். அங்கேதான் என் பங்கும், மன்னிக்க வேண்டும், நம் சங்கத்தின் பங்கும் வருகிறது.

பால் ஜாயின்ட் என்பது நம் இடுப்பு மூட்டு மாதிரி. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் உறை, அதை பூட் என்பார்கள். பூட் முழுசாக இருக்கும்வரை பந்து பல வருடம் ஓடும். பூட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும், பந்து துருப்பிடித்துக் கிண்ணத்தைத் தேய்க்கும். என் ஜாயின்ட்டின் பந்து பழைய ஆணி மாதிரி சிவந்து கிடந்தது. கிரீஸுக்குப் பதில் உள்ளே காவிக் குழம்பு.

இது நமக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவில் ஜீப் லிபர்ட்டி என்ற வண்டியில் இதே கீழ் பால் ஜாயின்ட் பிரச்சினைக்காக 2002 முதல் 2006 வரையிலான மாடல்களை 2006-ல் திரும்ப அழைத்தார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கிறது என்பதுதான் அங்கேயும் பேச்சு. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அதனால் அந்த மாநிலங்களில் ஓடும் வண்டிகளுக்கென்றே தனியாகத் திரும்ப அழைப்பு அறிவிப்பதும் உண்டு. நமக்கு யாரும் உப்புக் கொட்ட வேண்டியதில்லை, காற்றே கொண்டுவந்து போடுகிறது. பாம்பன் பக்கத்தை, துருப்பிடிக்கும் விஷயத்தில் மயாமிக்கு அடுத்த இடம் என்று சொல்வார்கள். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததை எல்லோரும் பார்த்தோம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதே இந்தக் கடற்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான்.

சரி, கடற்காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வி இது: "வண்டியை எந்தத் தண்ணியில கழுவுறீங்க?"

நம் எல்லோருடைய வண்டியும் கீழே உள்ள பச்சைக் குழாயில்தான் கழுவப்படுகிறது. அந்தக் குழாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று வந்து பார்த்தேன். ஆர்.ஓ. மிஷினின் கழிவுத் தண்ணீர். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் இரண்டு வருடத்துக்கு முன் நாமே தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நம் போர்த் தண்ணீரே உவர்ப்பு. அதிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவது, போரை விட உப்பு கூடிய தண்ணீர். அதைத் தினமும் காலையில் சக்கரத்துக்குள்ளே பீய்ச்சியிருக்கிறோம். வண்டி பளபளவென்றுதான் இருந்தது. கீழே குனிந்து யாரும் பார்க்கவில்லை.

அரிச்சல்முனைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போனால் வண்டியை மணலில் இறக்கி அலை ஓரம் நிறுத்துவதும் என் பழக்கமாக இருந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, நம் கேட்டுக்கு உள்ளே இருக்கும் சிமெண்ட் மேடு. செயலாளர் சிரிக்கிறார். பொதுச்சாலை வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் மேட்டை நேற்று டேப் வைத்து அளந்தேன். அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 12. அது வேகத்தடை இல்லை, வாசப்படி. குழந்தைகள் விளையாடும் இடம், தடை வேண்டும், மறுக்கவில்லை. உயரத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, மஞ்சள் பெயின்ட் அடிக்கலாம்.

சட்டத்தில் என்ன வழி என்று நிறையப் பேர் கேட்டீர்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடும் விதி 2021 ஏப்ரல் 1-ல் வந்தது. கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதமும் உண்டு. ஆனால் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். என் வண்டி அதைத் தாண்டிவிட்டது. இன்சூரன்சும் தேய்மானத்துக்குக் காசு தராது. மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். வண்டி பழையதானாலும் நேற்று செய்த வேலை புதியது. வேலையில் குறை இருந்தால் ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் பேசியும் பார்க்கலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று பில்லையும் வைத்து, போல்ட்டை எந்த நிலையில் முடுக்கினீர்கள் என்று எழுத்தில் பதில் கேட்டுக் கடிதம் போட்டேன். மூன்றாவது வேலையின் கூலியைத் திருப்பித் தந்தார்கள். பாகத்தின் விலையைத் தரவில்லை. கேள்விக்குப் பதிலும் வரவில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால் அதுவாவது கிடைத்தது. பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள், அது உங்கள் பொருள்.

எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. ரொம்பச் சத்தம் போடுவது பெரும்பாலும் லிங்க் ராட். காதுக்குத் தொந்தரவு, சக்கரம் கழலாது. பால் ஜாயின்ட் பல நேரம் சத்தமே போடாது. அதனால் பார்க்கத்தான் வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, போன் டார்ச்சை அடித்து, சக்கரத்துக்கு உள்பக்கம் பூட் கிழிந்திருக்கிறதா, சுற்றிலும் கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை மெக்கானிக்கிடமே விடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் வண்டி மாதிரி ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேலேயே உட்காரும் வண்டி என்றால், ஜாக்கியை ஆர்முக்குக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும். சேசிஸில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கே ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. எனக்கு இரண்டு மாதத்துக்கு முன் "எல்லாம் ஓகே" என்று சொன்னது அப்படித் தூக்கிப் பார்த்துத்தான்.

என் கோரிக்கை இரண்டு. பச்சைக் குழாயை ஆர்.ஓ. கழிவிலிருந்து துண்டித்து, மொட்டை மாடி மழைநீர்த் தொட்டியோடு இணைக்க வேண்டும். தொட்டி வற்றும் மாதங்களில் ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும், அடியில் பீய்ச்ச வேண்டாம். பிளம்பர் 3,400 ரூபாய் சொல்லியிருக்கிறார். அதை நானே தருகிறேன். கழிவுத் தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குப் போகட்டும். இரண்டாவது, அந்த மேடு.

அரண்மனைப் பக்கத்து அண்ணன் வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டிக்கு 150 ரூபாய். நம்மிடம் ஐந்து வயதைத் தாண்டிய வண்டிகள் பதினாறு இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாட்ச்மேனிடம் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள். தூண் 12-ல் நிற்கும் வெள்ளை வண்டிக்காரர் வெளியூரில் இருக்கிறார். அவர் வண்டியின் வலது பூட் கிழிந்திருப்பதை நேற்று பார்த்தேன். யாரிடமாவது அவர் நம்பர் இருந்தால், ஊர் திரும்பி வண்டியை எடுப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.