நாக்கும் கற்றுக்கொள்ளும்



"இதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்." "இந்த வாடையே ஆகாது." இப்படிச் சொல்லாத வீடு நம் நாட்டில் இல்லை. வங்காளத்து அடுப்பில் கடுகு எண்ணெய் புகைந்தால் கேரளத்துக்காரர் மூக்கைப் பிடிக்கிறார். கேரளத்துச் சமையலில் தேங்காய் எண்ணெய் மணந்தால் பீகார்க்காரர் முகம் சுளிக்கிறார். இருவருக்கும் இருப்பது ஒரே மாதிரி மூக்குதான். ஒருவருக்கு மணமாக இருப்பது மற்றவருக்கு நாற்றமாக இருப்பது ஏன்? ருசி பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா?

இரண்டும் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு பட்டால் அது சப்புக்கொட்டும். கசப்பு பட்டால் முகத்தைச் சுளிக்கும். இது இயற்கை வைத்த காவல். தாய்ப்பால் இனிப்பானது. காட்டில் கசக்கும் காய்களில் பல, விஷக் காய்கள். இந்த அளவுதான் பிறவியோடு வருகிறது. மற்ற ருசிகளில் பெரும்பாலானவை நாக்கும் மூக்கும் சேர்ந்து படிக்கும் பாடம்.

அந்தப் பாடம் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணி உண்ணும் பூண்டு, மசாலா போன்றவற்றின் வாசம் பனிக்குட நீரில் கலக்கிறது. பிறகு தாய்ப்பாலிலும் வருகிறது. ஆகவே குழந்தை சோறு உண்ணத் தொடங்கும் முன்பே தன் வீட்டுச் சமையலை ஓரளவு அறிந்திருக்கிறது. தாய் பலவகை உணவு உண்டால் குழந்தையும் பலவகை ருசிக்குப் பழகுகிறது.

இரண்டு வயதுக்கு மேல் பல குழந்தைகள் புதிய உணவைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். கீரையைத் துப்பிவிடும். "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தாய் முடிவு கட்டிவிடுகிறாள். அது அவசர முடிவு. ஒரு புதிய உணவை எட்டு, பத்து முறை, சில குழந்தைகளுக்கு அதற்கும் மேலே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை. அடித்துத் திணிக்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே ருசித்துச் சாப்பிட்டால் குழந்தையும் கை நீட்டும்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காரத்தை உணர்வது நாக்கின் ருசி நரம்பு அல்ல. சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்புதான் அதை உணர்கிறது. அதாவது மிளகாய் தருவது ஒருவகை வலி. அந்த வலியையே மனிதர் விரும்பக் கற்றுக்கொண்டார்கள் என்றால் வேறு எதைக் கற்க முடியாது?

அந்த மிளகாய் நம் மண்ணில் பிறந்ததும் அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன் பிறகு போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் இங்கே வந்தது. அதற்கு முன் காரத்துக்கு இருந்தவை மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவை. மிளகு போல உறைக்கும் காய் என்பதால் தமிழர் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஆந்திரத்துக் குண்டூரில் மிளகாய் மலைபோல் குவிகிறது. மிளகாய் இல்லாத ஆந்திரச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா?

உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்படியே கடல் கடந்து வந்தவை. உருளைக்கிழங்கை மராத்தியிலும் குஜராத்தியிலும் "பட்டாட்டா" என்கிறார்கள். அது போர்த்துக்கீசியச் சொல். ஒரிசாவில், இன்றைய ஒடிசாவில், பூரி ஜெகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்ப்பதில்லை. அவை பின்னால் வந்தவை என்ற நினைவை அந்த மடப்பள்ளி இன்றும் காத்துவருகிறது. பக்தர்களின் வீட்டுச் சமையலிலோ அவை இல்லாமல் முடியாது.

மக்கள் இடம் மாறும்போது ருசியும் இடம் மாறுகிறது. 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கானோர் வீடு வாசலை இழந்து வந்தார்கள். பலர் தில்லியில் குடியேறினார்கள். பஞ்சாபின் ஊர்களில் தந்தூர் என்னும் மண் அடுப்பைச் சுற்றிப் பெண்கள் கூடி, பொதுவில் ரொட்டி சுடுவது வழக்கம். அந்த அடுப்பு அவர்களுடன் தில்லிக்கு வந்தது. பிழைப்புக்காகத் தொடங்கிய சிறு கடைகளில் தந்தூரி ரொட்டி வெந்தது. தில்லியின் ருசியே மாறியது. அதே தில்லிக்குத் தெற்கிலிருந்து வேலைக்குப் போனவர்கள் இட்லியையும் தோசையையும் கொண்டு போனார்கள். இன்று வடநாட்டில் தோசை கிடைக்காத நகரம் இல்லை.

எல்லா உணவுக்கும் இப்படி வரவேற்பு கிடைத்ததா? இல்லை. நாகாலாந்தில் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து அகுனி என்னும் உணவைச் செய்கிறார்கள். இறைச்சியோடு சேர்த்துச் சமைப்பார்கள். மூங்கில் குருத்தையும் புளிக்கவைத்துச் சேர்ப்பார்கள். வாசம் பலமாக இருக்கும். வடகிழக்கிலிருந்து தில்லிக்குப் படிக்கவும் வேலை செய்யவும் வரும் இளைஞர்களுக்கு இந்தச் சமையலால் அண்டை வீட்டாரோடு தகராறு வருகிறது. வாடகைக்கு வீடு கிடைப்பதும் கடினமாகிறது. 2007இல் தில்லிக் காவல்துறை அவர்களுக்காக ஒரு சிறு கையேடு வெளியிட்டது. அகுனி, மூங்கில் குருத்து போன்றவற்றை அக்கம்பக்கத்தில் சச்சரவு வராதபடி சமைக்க வேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. வந்தவர்களுக்குத்தான் அறிவுரை. மூக்கைப் பொத்திய அண்டை வீட்டாருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

இதோடு பெருங்காயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைப் பெருங்காயத்தின் நாற்றம் எல்லோரும் அறிந்தது. ஐரோப்பியர் சிலர் அதைப் "பிசாசின் மலம்" என்றே அழைத்தார்கள். அதுவும் நம் ஊர்ப் பொருள் அல்ல. ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால் அது. இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் அதைப் பயிரிடத் தொடங்கியதே 2020இல்தான். ஆனாலும் பருப்பில், சாம்பாரில், ரசத்தில் அது மணக்கிறது. பல தலைமுறையாகப் பழகிய மூக்குக்கு அது நாற்றமாகத் தெரிவதில்லை. பெருங்காயத்துக்கு நாம் கொடுத்த இடத்தை அகுனிக்குக் கொடுக்க மறுப்பது நியாயமா?

மாமிசம் உண்ணாதவர் மாமிசம் உண்ண வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. மதத்தாலோ மனசாட்சியாலோ ஒருவர் ஓர் உணவை விலக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் "எனக்கு வேண்டாம்" என்பது ஒன்று. "அதைத் தின்பவன் கேவலமானவன்" என்பது வேறு. தட்டை இகழ்ந்தால் அதில் உண்ணும் மனிதரையும் இகழ்வதாகத்தான் முடியும். நம் நாட்டில் தீண்டாமையும் இந்த வழியில் பலகாலம் நடந்திருக்கிறது. யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யார் சமைத்ததை யார் தொடலாம் என்றுதானே சாதி வேலி போட்டது?

புதிய ருசியால் உடலுக்கும் நன்மை உண்டு. பாலிஷ் செய்த வெள்ளை அரிசிச் சோறும் ஒரே குழம்பும் மட்டும் உண்டால் வயிறு நிறையும், சத்து நிறையாது. பலவகை தானியம், பருப்பு, கீரை, காய், பழம், பால் ஆகியவற்றைக் கலந்து உண்ண வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. பாகற்காயும் வேப்பிலையும் கசக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். வங்காளத்தில் மதியச் சாப்பாட்டைக் கசப்பில்தான் தொடங்குவார்கள். கர்நாடகத்தில் கேழ்வரகுக் களி, ராஜஸ்தானில் கம்பு ரொட்டி, மகாராஷ்டிரத்தில் சோள ரொட்டி. ஒருவர் மற்றவர் சமையலைக் கற்றால் குறைந்த செலவில் சத்துக் கிடைக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நல்லதுக்குப் பழகும் நாக்கு கெட்டதுக்கும் பழகும். பாக்கெட்டில் விற்கும் உப்புத் தின்பண்டமும் சர்க்கரைப் பானமும் அடிக்கடி கொடுத்தால் குழந்தையின் நாக்கு அதையே கேட்கும். புதியது எல்லாம் நல்லதும் அல்ல, பழையது எல்லாம் கெட்டதும் அல்ல.

"வயதாகிவிட்டது, இனி எங்கே மாறுவது?" என்று சிலர் கேட்கலாம். நம் பெண்களைப் பாருங்கள். திருமணமாகி வேறு வீட்டுக்குப் போகிறாள். அங்கே புளியின் அளவு வேறு, காரம் வேறு, எண்ணெய் வேறு. சில மாதங்களில் அந்த வீட்டு ருசியைக் கற்றுச் சமைக்கிறாள். தானும் அதற்குப் பழகுகிறாள். அவளிடம் யாரும் "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பதில்லை. அவள் நாக்கு மாறலாம் என்றால் வீட்டு ஆண்களின் நாக்கும் மாறலாம். வாரத்தில் ஒரு நாள் அவள் பிறந்த வீட்டுச் சமையல் நடக்கட்டும். அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும்.

நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் நம்மிடையே உண்டு. முதல் நாள் எழுத்துகள் எல்லாம் கோடும் சுழியுமாகத்தான் தெரிந்தன. பழகப் பழக அவை பேசத் தொடங்கின. புதிய ருசியும் அப்படித்தான். அடுத்த தெருவுக்கு ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ ஒரு குடும்பம் குடிவந்தால், அவர்கள் அடுப்பின் வாசம் காற்றில் வரும். அப்போது சன்னலைச் சாத்தாமல், "இது என்ன சமையல்? எப்படிச் செய்வது?" என்று கேளுங்கள். அவர்கள் ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவார்கள். முதல் வாய் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராதீர்கள். உங்கள் வீட்டுப் பண்டத்தை அதில் வைத்துக் கொடுங்கள்.