ஓட்டுச் சில்லும் ஒரு சாட்சியே!

(செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் என்று நாம் வாழும் இந்தக் கரை, நூற்றாண்டுகளாகக் கப்பல் கண்ட கரை. இங்கே அஸ்திவாரம் தோண்டும்போது மெருகு பூசிய பழைய ஓட்டுச் சில்லு ஒன்று வந்தால் என்ன செய்கிறோம்? மண்ணோடு வாரிக் கொட்டுகிறோம். அது வெறும் ஓடுதானா?

இலங்கையில் மன்னாருக்கு அருகே மாந்தை என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. இராக்கிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகு ஜாடிகளின் துண்டுகளும் சீனப் பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அரபு, பாரசீக வணிகம் அந்தக் கரையைத் தொட்டதற்கு அவையே சாட்சி!

அந்தத் தொடர்பு பண்டமாற்றோடு நிற்கவில்லை. சீனத்து வெள்ளைப் பாண்டத்தைக் கண்ட இராக் குயவர்களிடம் அதற்கான வெள்ளை மண் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் அவர்கள் மெருகில் ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து, பாண்டத்தை வெண்மையாக்கி, அதன்மேல் நீலத்தில் எழுதினார்கள். அந்த வித்தை பின்னர் ஐரோப்பா வரை சென்றது. வணிகர் சுமந்தது சரக்கை மட்டுமா? அறிவையும் அல்லவா!

1984இல் போர் மாந்தை அகழாய்வை நிறுத்தியது. 1990 அக்டோபரில் மன்னார் உட்பட வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மக்கள் ஊரை இழந்தார்கள். ஆனாலும் 2013இல் மாந்தை ஆய்வு நூலாக வந்தது. எப்படி? எந்தச் சில்லு எந்த அடுக்கில் கிடைத்தது என்று தோண்டியபோதே எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து போரைத் தாண்டியது!

2003 ஏப்ரலில் பக்தாத் அருங்காட்சியகம் கொள்ளை போனது. அப்படிப் போன பொருள் திரும்பி வந்தாலும், பதிவு இல்லையென்றால் அது எந்த ஊர்ப் பொருள் என்று யார் சொல்வது?

இங்கே குண்டு விழவில்லை. ஆனால் மண்வெட்டியும் அலட்சியமும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே இளைஞர்களே, சில்லு கிடைத்தால் விற்காதீர்கள். அலமாரியில் அழகுக்கு வைக்காதீர்கள். இடம், ஆழம், நாள் மூன்றையும் எழுதிப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வணிகப் பெருமக்களே, நம் பிள்ளைகளில் ஒருவரையாவது தொல்லியல் படிக்க வையுங்கள். நம் முன்னோரின் கணக்கை நாமே படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்?