நாயகனுக்கு வலிக்காதா?



யாருடைய துன்பம் நம்மைத் தொடுகிறது, யாருடையது தொடுவதில்லை என்பதைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். விழிஞ்ஞம் கடற்கரையில் நின்று இதைப் பேச, வெளியூர் உதாரணங்கள் அதிகம் தேவைப்படாது.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் கரையிலிருந்தும் பூந்துறையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, இஞ்சினையும் மண்ணெண்ணெய் கேனையும் உள்ளே வைத்து, இரவோடு இரவாக மீனவர்கள் மீட்புக்குக் கிளம்பினார்கள். அலையில் ஓட்டிப் பழகிய கைகள் செங்கன்னூரில் மதில்களுக்கும் மின்கம்பங்களுக்கும் நடுவே வள்ளத்தைத் திருப்பின. தண்ணீருக்குள் மறைந்திருந்த சுவர்களில் உரசி அடிப்பக்கம் கிழிந்தது. அரசுக் கணக்கின்படி 669 வள்ளங்கள், 4,537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேருக்குக் குறையாது. கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பாராட்டினார். வள்ளம் ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் அறிவிக்கப்பட்டன. உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் உண்டு.

அந்தப் பாராட்டில்தான் எனக்கு ஒரு நெருடல்.

ஹீதர் கிரே, கர்ட் கிரே, டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தை, நாய், தவளை, ரோபோ, கடவுள் என்று பலவற்றைக் காட்டி, இவற்றுக்கு எப்படிப்பட்ட மனம் இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டார்கள். மக்கள் மனத்தை இரண்டு அளவுகோல்களால் அளப்பது தெரிந்தது: ஒன்று, செய்யும் திறன், மற்றொன்று, உணரும் திறன். குழந்தைக்கு உணர்வு நிறைய, செயல் குறைவு. கடவுளுக்கு நேர் எதிர்: எல்லாம் செய்வார், பசியும் வலியும் இல்லை. (நம் ஊரில் கேட்டிருந்தால் நைவேத்தியம் படைப்பவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.) கர்ட் கிரேயும் வெக்னரும் 2009-இல் இன்னொரு படி போனார்கள். ஒருவரைச் செயல்வீரராகப் பார்த்துவிட்டால், அவருக்கு வலிக்கும் என்று நினைப்பது நமக்குக் கடினமாகிவிடுகிறது. நாயகனுக்கும் இது பொருந்தும், வில்லனுக்கும் பொருந்தும். புகழும் பழியும் ஒரே வேலையைச் செய்கின்றன: இரண்டும் ஆளை நம் இரக்கத்திலிருந்து நகர்த்துகின்றன.

இதை வைத்துக்கொண்டு, வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டுக்குப் போவோம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே தகராறாகிவிட்டது. அரசு உடலைப் பார்த்து எண்ணியது. கரை, திரும்பாத வள்ளத்தைப் பார்த்து எண்ணியது. யாருடைய வள்ளம், எத்தனை பேர், எந்த நாள் போனார்கள் என்று தேவாலயப் பங்குகளில் பட்டியல் எழுதினார்கள். அரசுப் பட்டியலும் பங்குப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. காணாமற்போனவரை ஏழு ஆண்டு கழித்தே இறந்தவராகக் கொள்வது சட்டத்தின் வழக்கம். அவ்வளவு காலம் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அந்த விதியைத் தளர்த்தச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி இங்கே வந்த முதலமைச்சரை வழிமறித்தது கரையின் கோபம்தான். கடலைத் தெரிந்தவர்கள், எப்படியும் நீந்தி வந்துவிடுவார்கள் என்ற நினைப்பு வெளியே பலருக்கு இருந்தது. திறமைசாலி என்று பெயர் வாங்கியதற்குக் கொடுத்த விலை அது.

2022-இல் அதே மக்கள் முல்லூரில் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 16 முதல் டிசம்பர் 6 வரை, லத்தீன் கத்தோலிக்கப் பேராயத்தின் தலைமையில். கடலரிப்பில் வீடு போனவர்கள் வலியதுறையில் பழைய கிடங்குக்குள் புடவையைத் தடுப்பாகக் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அரிப்புக்குக் காரணம் துறைமுகமா, இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. துறைமுகம் வேண்டும் என்று எதிர்ப்பந்தல் போட்டவர்களும் உள்ளூர்க்காரர்களே. போராட்டத்தின்போது நவம்பர் 27 இரவு கூட்டம் இங்குள்ள காவல் நிலையத்தைத் தாக்கியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் நான்கே ஆண்டில் படைவீரர் வளர்ச்சியின் எதிரியானார். இந்த மாற்றத்துக்குப் பெரிய தூரம் எதுவும் நடக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் புடவைத் தடுப்புக்குப் பின்னால் இருமும் குழந்தை 2018-இலும் நம் கணக்கில் இல்லை, 2022-இலும் இல்லை.

2025 மே 2-இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் இங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 25-ஆம் தேதி மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் ஒதுங்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. அதில் சுற்றுச்சூழல் சேதத்துக்கு 8,626 கோடி, மீனவர் வருமான இழப்புக்கு 526 கோடி. தலைப்புகள் வேறு, நேராக ஒப்பிடக் கூடாது. கடலும் நம் அக்கறைக்குள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. நான் கவனிக்கச் சொல்வது அந்த 526 கோடியை. அதில் எவ்வளவு கிடைத்தாலும், அதைப் பிரிக்கும்போது எந்தப் பட்டியலை எடுப்பார்கள்? வள்ளத்தின் உரிமையாளர் பெயர் அதில் இருக்கும். மீன் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்ணின் பெயர் இருக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.