தோல்மடிப்பு அளவும் உடல்நலமும்
(பூச்சோங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிகழ்த்திய உரை)



மெலிந்த உடலில் கொழுப்பு இராது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே அளந்து 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே. ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்னிக்குக்கோ 21 பங்கு! ஆகவே, தராசு ஒன்றையே நம்புதல் போதாது.

கொழுப்பின் கணிசமான பகுதி தோலுக்கு அடியில் தங்குகின்றது. அதனை மதிப்பிடவே தோல்மடிப்பை அளக்கின்றோம். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, இடுப்பெலும்பின் மேற்புறம் ஆகிய நான்கு இடங்களில் தசையை விட்டுத் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் விரல்களால் தூக்கிப் பிடித்து, காலிப்பர் என்னும் இடுக்கிக் கருவியால் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பர். வலி இராது. வியர்வை உலர்ந்த பின்னரே அளத்தல் வேண்டும். பெண்களைப் பெண் தாதியர் அளப்பதே முறை.

நான்கு அளவுகளையும் கூட்டி, வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையில் பார்த்தால் கொழுப்பின் பங்கு தெரியும். அவ்வட்டவணையை 1974இல் டர்னின், வோமர்ஸ்லி என்போர் கிளாஸ்கோ நகரில் 481 பேரை ஆராய்ந்து வகுத்தனர். அது ஸ்காட்லாந்து மக்களைக்கொண்டு வகுக்கப்பட்டதாகலின், நமக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஒருவரையே சில மாத இடைவெளியில் அளந்து, கூடியதா குறைந்ததா என்று காண்பதற்கே இது பெரிதும் பயன்படும்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பை இக்கருவி காட்டாது. அதற்கு அளவு நாடாவே துணை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

இதனை ஏன் வலியுறுத்துகின்றோம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியருள் வயதுவந்தோரில் பத்துக்கு மூவர் நீரிழிவு உடையோர். பூச்சோங்கில் கின்றாரா போன்ற தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து மரம் சீவிய பலர், பின்னர் காவல் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் சென்றனர். நடை குறைந்தது, கெட்டிப்பால் கலந்த தேநீரும் தட்டு நிறைந்த சோறும் குறையவில்லை. இன்றும் தோட்டத்தில் உழைப்போர் ஓய்வு பெறும் நாளில் இதே நிலையை எதிர்கொள்வர்.

பட்டையின் கனம் அறியாது உளியை ஓட்டினால் மரம் காயப்படும் என்பதை நாம் நன்கறிவோம். அவ்வாறே நம் உடலின் அளவையும் அறிதல் வேண்டும். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் எடை, இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வோம். இனிப்பைக் குறைப்போம், நாள்தோறும் நடப்போம். நம் பிள்ளைகளையும் அவ்வழியில் பழக்குவோமாக.